காவிரி வெளிச்சம் தந்த தங்க ஊர்

பெங்களூருக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே மின்விளக்கு எரிந்த ஒரு சிறிய ஊர் இருக்கிறது. எது தெரியுமா?

கோலார் தங்கவயல். ஆமாம், 'கே.ஜி.எஃப்.' என்று படத்தில் பார்த்தோமே, அதே ஊர்தான்! காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, நூறு மைலுக்குக் கிட்டக் கம்பி இழுத்து, 1902இலேயே சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூர் அதற்கு மூன்று வருடம் காத்திருந்தது.

அந்த வெளிச்சத்தில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள். பூமிக்கடியில் மூன்று கிலோமீற்றர் ஆழம், தாங்கமுடியாத வெக்கை. ஊரைக் கட்டியது அவர்களுடைய வியர்வைதான்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள், பழைய தேவாலயம், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் உயர்ந்து நிற்கும் குன்றுகள் எல்லாம் இன்றும் இருக்கின்றன. பக்கத்திலேயே கோடிலிங்கேசுவரர் கோயிலும் உண்டு.

மட்டக்களப்பிலிருந்து இந்தியப் பயணம் போகிறவர்களே, பெங்களூரில் தங்கினால் மாரிக்குப்பம் ரயிலில் ஏறி ஒருதரம் போய்ப் பாருங்கள். வழி கேட்க நம்முடைய தமிழே போதும்!