பொதுவிடத்தில் ஆடும் பல்கலைக் கழக ஆட்டங்கள்: வரவும் செலவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால்பந்து என வழங்கப் பெறுவது நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் வேறோர் ஆட்டம் அது. மாணவர் விளையாட்டாகத் தொடங்கிய இவ்வாட்டத்தை நம்பியே இன்று பெரிய பல்கலைக் கழகங்களின் விளையாட்டுத் துறைகள் நடைபெறுகின்றன. நீச்சல், மற்போர் போன்ற வருவாயற்ற விளையாட்டுகளின் செலவும் இதிலிருந்தே பெருமளவு ஈடு செய்யப்படுகிறது. ஆகவே, எந்த ஆட்டத்தை எவ்விடத்தில் ஆடுவது என்பது நிதி பற்றிய பிரச்சினையாகி விடுகிறது.

ஓர் அணி ஒரு பருவத்தில் பெரும்பாலும் 12 முறையான ஆட்டங்கள் ஆடும். அவற்றில் ஆறு அல்லது ஏழு ஆட்டங்களைச் சொந்த அரங்கில் நடத்தவே பெரிய பல்கலைக் கழகங்கள் விரும்புகின்றன. மிச்சிகன் பல்கலைக் கழக அரங்கில் 1,07,000 பேருக்கு மேல் அமரலாம். நுழைவுச் சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம், சிற்றுண்டி விற்பனை ஆகிய எல்லா வருவாயும் அரங்கின் உரிமையாளரையே சேரும். சமவலிமையுள்ள இரு பல்கலைக் கழகங்கள் ஓராண்டு இங்கும் மறு ஆண்டு அங்குமாக ஆடினால், இரண்டாண்டுகளில் ஒருமுறைதான் இவ்வருவாய் கிடைக்கும். சிறிய பல்கலைக் கழகம் ஒன்றை அழைத்து, உறுதித் தொகை கொடுத்து, பதில் ஆட்டம் ஏதுமின்றி அனுப்பிவிடுவதும் உண்டு. 2007இல் மிச்சிகன் இவ்வாறு 4 இலட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் அணியை அழைத்தது. அழைத்த அணியே தோற்றது!

மூன்றாவது வழியே பொதுவிட ஆட்டம். இரு அணிகளுக்கும் சொந்தமல்லாத ஒரு நகரத்தின் அரங்கில், அமைப்பாளர் ஒருவர் சீட்டு விற்று, விளம்பரதாரரைத் திரட்டி, இரு தரப்புக்கும் உறுதித் தொகை அளிக்கிறார். 2012இல் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் ஆடிய அலபாமாவும் மிச்சிகனும் தலைக்கு 47 இலட்சம் டாலர் பெற்றன. அதே அரங்கில் 2017இல் மிச்சிகனும் ஃபுளோரிடாவும் தலைக்கு 60 இலட்சம் பெற்றன.

இத்தொகையை அப்படியே இலாபம் எனக் கொள்ளலாகாது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். சொந்த அரங்கில் ஓர் ஆட்டம் நிகரமாக 50 இலட்சம் தருகிறது என்க. இரண்டாண்டுப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் மொத்த வரவு 50 இலட்சமே. பொதுவிடத்தில் 47 இலட்சம் பெற்று, பயணத்துக்கு 10 இலட்சம் போனால் 37 இலட்சம் மிஞ்சும். மறு ஆண்டு சிறிய அணியொன்றை 15 இலட்சம் கொடுத்து அழைத்தால் 35 இலட்சம். ஆக 72 இலட்சம். ஆனால் இரண்டாண்டும் சிறிய அணிகளையே அழைத்திருந்தாலும் 70 இலட்சம் கிடைத்திருக்கும். எனவே, வெளியூர் ஆட்டத்துக்கு மாற்றாக வரும்போதுதான் பொதுவிட ஆட்டம் பெரும் ஆதாயம் தருகிறது. சொந்த ஆட்டம் ஒன்றை விட்டுக் கொடுத்தால் ஆதாயம் மிகச் சிறிது.

கணக்கில் வாரா இழப்புகளும் உள. பருவம் முழுமைக்கும் முன்பணம் கட்டியவர்கள் சிறந்த ஆட்டத்தை உள்ளூரில் காண இயலாது. மெலிந்த எதிரணிகளையே கண்டு சலித்தோர் அடுத்த ஆண்டு சீட்டைப் புதுப்பிக்கத் தயங்குவர். மாணவருக்கோ 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் எளிதன்று. 2012 ஆட்டத்துக்கு மிச்சிகனின் அணிவகுப்பு இசைக்குழுவை அழைத்துச் செல்ல ஏறத்தாழ 4 இலட்சம் டாலர் ஆகும் எனக் கண்டு, அழைத்துச் செல்வதில்லை என்றே முதலில் முடிவு செய்தனர். எதிர்ப்பு எழுந்த பின்னரே நன்கொடையின் துணையுடன் குழு சென்றது. 47 இலட்சம் வரவில் மாணவர் இசைக்கு இடமில்லை என்று எண்ணியது வியப்புக்குரியது. பல்கலைக் கழகத்தைச் சூழ்ந்த சிற்றூர்களின் விடுதிக்காரரும் உணவகத்தாரும், ஆண்டில் ஏழே வார இறுதிகளை நம்பியிருப்போர், அவற்றில் ஒன்றை இழக்கின்றனர். ஒப்பந்தம் பேசும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை.

அவர்கள் இழப்பதைப் பெறுவது ஆட்டத்தை ஏற்கும் நகரம். அதன் பொருட்டே சில நகராட்சிகள் பொதுப் பணத்தையும் அளிக்கின்றன. டல்லாஸ் நகரில் டெக்சாஸ்–ஓக்லஹோமா ஆட்டம் 1929 முதல் ஆண்டுதோறும் மாநிலப் பொருட்காட்சியை ஒட்டி நடைபெறுகிறது. சீட்டுகள் இரு தரப்புக்கும் சரிபாதி. ஃபுளோரிடா–ஜார்ஜியா ஆட்டத்தை ஜாக்சன்வில் நகரம் 1933 முதல் ஏற்று வந்துள்ளது. வெளியூரார் செலவிடும் பணம் வரியாகத் திரும்பும் என்பது நகராட்சிகளின் வாதம். உள்ளூரார் வேறிடத்தில் செலவிட்டிருக்கக் கூடிய பணத்தையும் இதில் சேர்த்து எண்ணுவது பிழை எனப் பொருளியலாளர் சுட்டுகின்றனர்.

2025ஆம் ஆண்டுத் தீர்வின்படி, பல்கலைக் கழகமொன்று தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வரம்புக்கு உட்பட்டு நேரடியாகப் பணம் வழங்கலாம்; 2025–26இல் அவ்வரம்பு 2 கோடியே 5 இலட்சம் டாலராக இருந்தது. இப்புதிய செலவுக்குப் பணம் தேடும் நிலையில் உறுதித் தொகையின் கவர்ச்சி கூடியுள்ளது. ஜாக்சன்வில் அரங்கைப் புதுப்பிக்கும் 140 கோடி டாலர் திட்டத்துக்கு 2024இல் நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. நகரின் பங்கு 77.5 கோடி. முன்பு 1994, 1995இல் அரங்கு திருத்தப்பட்டபோது ஆட்டம் இரு பல்கலைக் கழகங்களின் சொந்த ஊர்களுக்கே சென்றது. இம்முறை 2026க்கு அட்லாண்டாவும், 2027க்கு டாம்பாவும் தேர்ந்தெடுக்கப்பட்டன.