க்யூப் உடைந்ததா, உடைந்ததாக எழுதினார்களா?

கான்கிரீட் போட்ட அன்றைக்கே அது நல்ல கான்கிரீட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறக் குழம்புதான். அதனால் லாரியிலிருந்து இறங்கும் கலவையில் கொஞ்சம் எடுத்து, 150 மில்லிமீட்டர் கனசதுர இரும்பு அச்சில் மூன்று அடுக்காகப் போடுவார்கள். ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 35 தடவை குத்தி, மேலே கரண்டியால் மட்டம் தட்டி வைப்பார்கள். மறுநாள் அச்சைக் கழற்றி, கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார்கள். 28-ம் நாள் எடுத்து அழுத்தும் இயந்திரத்தில் வைத்தால், எம்-25 என்ற தரப் பெயருக்குத் தக்க கான்கிரீட் சுமார் 57 டன் தாங்கிய பிறகுதான் உடையும். தளத்தில் இதற்கு க்யூப் டெஸ்ட் என்று பெயர்.

சிக்கல் அந்த 28 நாளில்தான். முடிவு வருவதற்குள் மேலே இன்னொரு மாடி எழும்பியிருக்கும். அப்போது க்யூப் ஃபெயில் என்று தாள் வந்தால் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம், பொறியாளருக்குத் தலைவலி, உரிமையாளருக்கும் தாமதம். சரியான முடிவு வரவேண்டும் என்பதைவிட, நல்ல முடிவு வரவேண்டும் என்பதே எல்லோருக்கும் வசதி. ஆகவே தாள் பொய் சொல்லத் தொடங்குகிறது. தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: தூணுக்குப் போகும் கலவை வேறு, க்யூபுக்கென்று ஒரு பிடி சிமென்ட் கூடுதலாகப் போட்ட கலவை வேறு.

இது சின்ன ஊர்க் கட்டடங்களின் கதை மட்டுமல்ல. 2018 அக்டோபரில் திறக்கப்பட்ட ஹாங்காங்-சூஹாய்-மக்காவ் கடல் பாலம் 55 கிலோமீட்டர் நீளம். அது கட்டப்பட்டுக்கொண்டிருந்த 2017 மே மாதம், ஹாங்காங்கின் ஊழல் தடுப்பு ஆணையம் 21 பேரைக் கைது செய்தது. அரசின் கான்கிரீட் சோதனைக்கூடத்தை ஒப்பந்தத்தில் நடத்திய நிறுவனத்தின் ஆட்கள் அவர்கள். இரண்டு விதமான புரட்டுகளை ஆணையம் சொன்னது. உரிய நாளில் சோதிக்காமல் விட்ட க்யூப்களை, இயந்திரத்தின் கடிகாரத்தைத் திருப்பிவைத்து, அந்த நாளிலேயே சோதித்ததுபோலக் காட்டியது ஒன்று. உண்மையான க்யூபுக்குப் பதிலாக, இயந்திரத்தை அளவு சரிபார்க்க வைத்திருக்கும் உலோகக் கட்டியையோ அதிக வலுவுள்ள வேறு க்யூபையோ உள்ளே வைத்து எண்ணை வாங்கியது மற்றொன்று. பிறகு பாலத்தையே நேரடியாகச் சோதித்துப் பார்த்துத்தான், அது பாதுகாப்பானது என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இரண்டு புரட்டுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத் தரத்துக்குப் பிளாக்செயின் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். பிளாக்செயினால் எது முடியும், எது முடியாது என்பதை இந்த இரண்டை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் பிளாக்செயின் என்ன என்பது. பொதுப்பணித்துறைக்காரர்களுக்கு எம்-புக் தெரியும். வேலை அளவுகளைப் பதிகிற புத்தகம். பக்கங்களுக்கு அச்சிலேயே எண் இருக்கும். ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். எழுதியதைச் சுரண்டக் கூடாது, மேலே எழுதவும் கூடாது. தவறு இருந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்ததும் தெரியும், அடித்தவர் யார் என்பதும் தெரியும். பிளாக்செயின் கிட்டத்தட்ட இதே புத்தகம்தான். எம்-புக்கின் பலவீனம், அது ஒரே அலுவலகத்தின் ஒரே பீரோவில் இருப்பது. சாவி யாரிடமோ, புத்தகமும் அவரிடமே. பிளாக்செயினில் அதே புத்தகத்தின் பிரதி உரிமையாளர், ஒப்பந்ததாரர், ஆலோசகர், சோதனைக்கூடம் என்று எல்லோர் கையிலும் இருக்கும். ஒருவர் தன் பிரதியில் கைவைத்தால் மற்றப் பிரதிகளோடு ஒத்துப்போகாது.

பக்க எண்ணுக்குப் பதிலாக இங்கே ஹாஷ் என்று ஒன்று இருக்கிறது. எந்த ஆவணத்தையும் ஒரு கணக்கு வழியாகச் செலுத்தினால் அதன் விரல்ரேகைபோல ஒரு குறி கிடைக்கும். ஷா-256 என்ற முறையில் அது 64 எழுத்துகள் கொண்ட வரிசை. ஓர் அறிக்கையில் 24.6 என்று இருப்பதை 26.4 என்று மாற்றிப் பாருங்கள், 64 எழுத்துகளில் பெரும்பாலானவை மாறிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் ரேகை பொறிக்கப்பட்டிருப்பதால், நடுவில் ஒன்றை மாற்றினால் அதன் பின்னால் வரும் எல்லாப் பக்கமும் பொருந்தாமல் போகும். தொடர் என்று சொல்வது இதைத்தான்.

இந்த யோசனை பிட்காயினைவிட மூத்தது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991-லேயே, மின் ஆவணத்துக்கு யாரும் திருத்த முடியாத தேதி முத்திரை போடுவது எப்படி என்று எழுதினார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் வாரந்தோறும் ஆவணங்களின் ஒட்டுமொத்த ரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. ஊரெல்லாம் விநியோகமாகிவிட்ட பத்திரிகையை எவர் திருத்த முடியும்? பெரிய கணினி வலை எதுவும் இல்லாமலே வேலை முடிந்தது. பிளாக்செயின் விற்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை என்பது என் சின்ன மனக்குறை.

இனி ஹாங்காங்குக்குத் திரும்புவோம். க்யூப் வார்த்த அன்றே அதன் எண், நேரம், எந்தத் தூண், எந்த லாரி என்பது தொடரில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 28-ம் நாள் எது என்பது அப்போதே தீர்மானமாகிவிடும். அழுத்தும் இயந்திரம் முடிவை நேராகத் தொடருக்கு அனுப்பினால், அது எப்போது வந்து சேர்ந்தது என்பதை இயந்திரத்தின் கடிகாரம் சொல்லாது, பிரதி வைத்திருக்கும் மற்றவர்களின் கணினிகள் சொல்லும். கடிகாரத்தைத் திருப்பிப் பயனில்லை. அதைவிட முக்கியம், 28-ம் நாள் கடந்தும் பதிவு வரவில்லை என்றால் அந்த வெற்றிடமே எல்லோர் பிரதியிலும் பல்லிளிக்கும். காகிதத்தில் எழுதாமல் விட்டதை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். இங்கே எழுதாததும் ஒரு பதிவு. முதல் புரட்டு செத்தது.

இரண்டாவது புரட்டு? உலோகக் கட்டியை வைத்து எண்ணை வாங்கினால், பிளாக்செயின் அந்தப் பொய்யை மரியாதையாக வாங்கி, ரேகை எடுத்து, யாராலும் திருத்த முடியாதபடி பத்திரப்படுத்தி வைக்கும். பொய்யே சாசனமாகிவிடும். பதிவு மாறவில்லை என்பதற்குத்தான் பிளாக்செயின் சாட்சி, பதிந்தது உண்மை என்பதற்கு அல்ல. இந்தத் துறையின் விளம்பரத் தாள்களில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

இந்த இடைவெளியை அடைக்கும் வேலை, கணினியில் இல்லை, க்யூபில் இருக்கிறது. ஈரக் கலவையிலேயே ரேடியோ அடையாளச் சில்லைப் புதைத்துவிட்டால், இயந்திரத்துக்குள் போனது அதே க்யூபா என்று தெரியும். இயந்திரம் கடைசி எண்ணை மட்டும் அனுப்பாமல், சுமை ஏறிய விதத்தை முழு வரைபடமாக அனுப்ப வேண்டும். கான்கிரீட் உடையும் கணத்தில் கோடு சரேலென்று கீழே விழும். உலோகக் கட்டி உடையாது, கோடும் விழாது. உடைந்த க்யூபின் படமும் சேர்ந்தால் ஏமாற்றுவது கஷ்டமான வேலையாகிவிடும். இவையெல்லாம் பிளாக்செயின் அல்ல. ஆனால் இவை இல்லாமல் அதைப் போடுவது, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதுதான்.

இன்னொரு பயன் நீண்ட காலத்துக்கானது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன் பின் அரசு கேட்ட ஆய்வை நடத்திய ஜூடித் ஹாக்கிட், கட்டடத்தின் வடிவமைப்பு முதல் பராமரிப்பு வரை எல்லாத் தகவலும் அறுபடாத ஒரு பொற்சரடாக, மின்வடிவில் இருக்க வேண்டும் என்று 2018-ல் பரிந்துரைத்தார். 2022-ல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம் உயரமான குடியிருப்புகளுக்கு அதைக் கட்டாயமாக்கும் வழியைத் திறந்தது. அதைப் பிளாக்செயினில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கட்டடம் அறுபது வருடம் நிற்கும், கட்டிய நிறுவனம் ஆறு வருடத்தில் மூடப்படலாம். ஒருவர் மறைந்தாலும் மற்றவர் கையில் பிரதி இருக்கும் என்பது இங்கே பெரிய விஷயம்.

நம் ஊரில் இதற்கான தேவையைச் சொல்ல வெகுதூரம் போக வேண்டாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். 2020-ல் தமிழக அரசு பிளாக்செயினுக்கென்று ஒரு கொள்கையையும் வெளியிட்டது. பாலம், மேம்பாலம், அடுக்குமாடி என்று பொதுப்பணம் புரளும் வேலைகளில் இதை முயன்று பார்ப்பதில் தப்பில்லை. எங்காவது அறிவித்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: பிரதிகள் யார் யார் கையில் இருக்கின்றன? எல்லாப் பிரதியும் ஒப்பந்ததாரரின் சர்வரிலேயே இருக்கிறது என்றால், அது பழைய பீரோவுக்குப் புதுப் பெயர், அவ்வளவுதான்.

சொந்த வீடு கட்டுகிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. இந்தியத் தரக் குறியீட்டின்படி 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று க்யூப். தளம் போடும் அன்று நீங்களே பக்கத்தில் நின்று, தளத்துக்குப் போகும் அதே கலவையில் அந்த ஆறையும் வார்க்கச் சொல்லுங்கள். கலவை இறுகத் தொடங்கும்போது ஆணியால் தேதியையும் உங்கள் கையெழுத்தையும் மேலே கீறி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 28-ம் நாள் அவற்றை மேஸ்திரியிடம் கொடுத்து அனுப்பாமல், நீங்களே சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போய், உடைகிறவரை அங்கேயே நின்று பாருங்கள்.