நான் கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் சிலருடன் வானொன்றில் கதிர்காமத் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். புத்தலையைக் கடந்ததும் வீதி யால வனத்தை ஒட்டிச் செல்லலாயிற்று. யானைகளுக்கு உணவளிக்கலாகாது என்னும் அறிவித்தற் பலகையைத் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றதும், வளைவொன்றில் கொம்பன் யானை ஒன்று நின்றது.

“பிள்ளையாரப்பா!” என்று கைகூப்பினார் என் பெரியம்மா. வள்ளியை அச்சுறுத்த விநாயகர் யானையாய் வந்த கதை வழங்கும் தலத்துக்கல்லவா நாம் போய்க்கொண்டிருந்தோம்! அவர் நீட்டிய கதலிச் சீப்பை நான் வாங்கினேன்.

“மாஸ்டர், குடுக்காதேங்கோ. வாங்கிப் பழகினால் நாளைக்கு மறிச்சுக் கேக்கும்,” என்றார் சாரதி.

நான் கேட்கவில்லை. துதிக்கை பழத்தைப் பற்றியபோது என் உள்ளம் குளிர்ந்ததை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் திரும்புகையில், அதே வளைவில் எமக்கு முன் நின்ற வாகனத்தின் ஜன்னலுக்குள் யானையொன்று துதிக்கையை நுழைத்தது. உள்ளே குழந்தையொன்று வீறிட்டது. வெளியே இழுபட்ட உணவுப் பொதி, பொலித்தீன் பையோடு அதன் வாய்க்குள் மறைந்தது. அந்தப் பாடத்தைக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன்.

வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு வேண்டும். நமது ஒரு சீப்புப் பழம் அதன் பசியைத் தணிப்பதில்லை. வாகனத்தில் உணவுண்டு என்ற அறிவை மட்டுமே கொடுக்கிறது. வனத்தை அண்டிய குடிமனைகளில் எறியப்படும் எச்சிலும் குப்பையும் செய்வது இதனையே. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உண்டு மாண்ட யானைகளின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தமை 2022இல் உலகறிந்த செய்தி.

2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். காடழிவும் பயிர்ச்சேதமும் இதன் பெருங்காரணங்கள், உணவளித்தல் சிறியதே. ஆயினும் காடழிவைத் தடுப்பது என் ஒருவனால் ஆகாது. கையை மடக்கிக்கொள்வது ஆகும்.

உணவளிக்கத் தடை என்பதைக் கருணைக்கு இட்ட விலங்கென்றே அன்று கருதினேன். வீதியோரம் கையேந்தப் பழகிய யானை, ஒருநாள் மனிதனைக் கொல்லும். அன்றேல் மனிதனால் கொல்லப்படும். அவ்விரண்டையும் தடுக்க எழுந்ததே அச்சட்டம்.

இப்போது என் மாணவர்க்கு நான் கூறுவது இதுவே: காட்டு யானையைக் கண்டால் கைகூப்புங்கள்; கை நீட்டாதீர்கள்.