சேப்பாக்கத்தில் ஓர் இடம்

சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேரலாமா என்று ஒரு காலத்தில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டால், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறக்கும் வரை தமிழ்நாட்டில் வேறு போக்கிடமே கிடையாது. திருச்சிக்கும் கோவைக்கும் 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1857இல் தொடங்கிய சேப்பாக்கத்தின் ஆட்சி கடல் கடந்தும் செல்லுபடியானது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கையெழுத்தைத் தேட வேண்டியிருந்தது. மதிப்பெண் பட்டியலை நகலெடுத்து, பச்சை மையில் ஒப்பமிட ஒரு கெஜட்டட் அதிகாரியைப் பிடிக்கவேண்டும். கிராமத்துப் பையனுக்கு அகப்படுபவர் பெரும்பாலும் கால்நடை மருத்துவர்தான். மாட்டுக்கு ஊசி போட்டு முடித்து, கைகழுவிவிட்டு வந்து, அசல் எங்கே என்று கேட்பார். பிறகு வங்கியில் டி.டி., அப்புறம் பதிவுத் தபால். இடம் கிடைத்தால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில், ஏதாவது ஒரு மெஸ்ஸில் மாதக் கணக்கு.

பல்கலைக்கழகம் ஒன்றுதான் என்றாலும், போகிறவர்கள் ஆளைப் பார்த்துப் போனார்கள். 1930களில் வரலாறு என்றால் நீலகண்ட சாஸ்திரி. தமிழ் என்றால் பேரகராதியை முடித்துக்கொண்டிருந்த வையாபுரிப்பிள்ளை. ஆள் பார்த்து எடுக்கும் பழக்கம் எதிர்ப்பக்கத்திலும் இருந்தது: பட்டமே இல்லாத ராமானுஜனுக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தார்கள். இன்றைய இணையப் படிவம் அவரை முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் விண்ணப்பிக்கலாம். 2022இலிருந்து க்யூட் பொது நுழைவுத் தேர்வு முதுகலைக்கும் வந்துவிட்டதால், தென்காசிப் பெண் திருவாரூர், ஹைதராபாத், டெல்லி என்று மத்தியப் பல்கலைக்கழகங்களை வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்கிறாள். தரவரிசை என்ன, மதிப்பீட்டில் நாக் எந்தக் கிரேடு கொடுத்தது, ஹாஸ்டல் உண்டா, படித்தால் வேலை உண்டா? நியாயமான கேள்விகள்தான். சேப்பாக்கத்தில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு நெடுநாள் துணைவேந்தர் இல்லை. 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. செய்தித்தாள் படிக்கிற அப்பா தயங்காமல் என்ன செய்வார்? இணையத்தில் கண்ணைப் பறிப்பது 1879இல் கட்டடக் கலைஞர் சிஸம் கட்டி முடித்த செனட் ஹவுஸ். அங்கே வகுப்பு நடப்பதில்லை.

ஆனாலும் வரலாறோ தமிழோ படிக்கிறவருக்கு நான் சேப்பாக்கத்தையே சொல்வேன். காரணம் வளாகம் அல்ல, ஊர். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்துக் காகிதங்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கன்னிமாரா நூலகமும் எழும்பூரில்தான். சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறினால் அதே தடத்தில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூலகம், தள்ளிப் போனால் தரமணியில் பழைய இதழ்களும் அச்சுப் புத்தகங்களும் குவிந்திருக்கும் ரோஜா முத்தையா நூலகம். இரண்டு வருஷம் இந்தத் தடத்தில் போய்வந்த மாணவருக்குக் கிடைப்பது ஊருக்கு வெளியே ஐந்நூறு ஏக்கரில் புல்வெளி போட்ட வளாகத்தில் கிடைக்காது. தரவரிசைப் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. விலை உயர்ந்த கருவிகள் வேண்டிய பாடமென்றால் சங்கதி வேறு. நேரில் போய் ஆய்வகத்தைப் பார்க்காமல் எந்த ஊரிலும் பணம் கட்டக்கூடாது.

சேருமுன் ஆளைப் பார்க்கும் அந்தப் பழைய வழக்கம் இன்றைக்குத்தான் அதிகம் தேவை. துறையில் நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், உங்கள் ஆய்வேட்டை வழிநடத்தக்கூடியவர் எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார் என்று கேளுங்கள். அலுவலகத்தில் இழுத்தடித்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் யாரையாவது டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு டீ முடிவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்.