காட்டுப்பன்றியைச் சுடலாமா?

அமெரிக்காவில் வசந்த காலத்தில் காட்டு வான்கோழியைச் சுட லைசென்ஸ் தருகிறார்கள். பெரும்பாலும் ஆண் பறவையை மட்டுமே சுடலாம் என்பது அங்குள்ள விதி. அங்கே அப்படியிருக்க, மரச்சீனியையும் ஏத்தன் வாழையையும் நாசம் செய்யும் பன்றியை நாம் ஏன் சுடக்கூடாது என்று நெடுமங்காடு, பாலோடு பக்கம் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்கிறார்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால், அதிகாரம் பெற்றவர் எழுத்து மூலம் உத்தரவிட்டு, காட்டுப்பன்றியைக் கொல்ல வைக்கலாம். 2022 மே மாதம் கேரள அரசு இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அந்த ஏற்பாடு காலவரையறை கொண்டது, பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆகவே இப்போது அமலில் உள்ளதா என்று முதலில் பஞ்சாயத்தில் கேளுங்கள்.

ரயில்வேயில் லைன் கிளியர் கிடைக்காமல் வண்டி நகராது. இங்கும் முறை அதுதான்:

1. பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து, பஞ்சாயத்தில் மனுக் கொடுங்கள். நஷ்டஈட்டுக்கு வனத்துறையிலும் விண்ணப்பியுங்கள்.

2. உத்தரவு வந்தால், துப்பாக்கி லைசென்ஸ் உள்ள, அனுமதிக்கப்பட்டவரே சுடவேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களுக்குள் இது செல்லாது.

3. இறந்த பன்றி அரசின் சொத்து. விதிப்படி அப்புறப்படுத்த வேண்டும். கறி சமைக்கக் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

மயில் விளைச்சலைத் தின்றாலும் அதன் மேல் கை வைக்காதீர்கள். அது முதல் அட்டவணையில் உள்ளது. தண்டனை இன்னும் கடுமை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வீட்டு லைனிலிருந்து கம்பி இழுத்து வேலியில் கொடுப்பது. 230 வோல்ட் மின்சாரம் விடாமல் பாயும். பட்டவர் கையை எடுக்க முடியாது. முறையான சோலார் வேலியில் வோல்டேஜ் பல ஆயிரம் இருந்தாலும், நொடிக்கு ஒரு முறை மிகக் குறுகிய துடிப்பாகவே வரும். அது அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. 2025 ஜூனில் மலப்புறம் மாவட்டம் வழிக்கடவில் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் சிக்கி, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தான்.

போன பயிரை அடுத்த பருவத்தில் நட்டுக்கொள்ளலாம். ஆகவே அன்பர்களே, கம்பி இழுக்கும் முன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.