மூக்கு அறிவதும் அறியாததும்

பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் நம் வீட்டுத் தாய்மார்கள் முதலில் செய்வது யாது? முகர்ந்து பார்ப்பதே. முந்தைய நாள் குழம்பாயினும் சட்டினியாயினும் சோதனை அதுவே. பட்டறிவால் வந்த இவ்வழக்கம் எவ்வளவு சரியானது, எந்த இடத்தில் அது நம்மைக் கைவிடும் என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் உணவில் பெருகும்போது, அதிலுள்ள சர்க்கரையையும் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கின்றன. அப்போது எளிதில் ஆவியாகும் பொருள்கள் பல உண்டாகிக் காற்றில் கலக்கின்றன. கடல் மீன் கெடும்போது வீசும் வாடை டிரைமெத்திலமீன் என்னும் பொருளால் வருவது. அழுகிய முட்டையின் நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. நல்ல தயிரின் மணமும் கிருமிகளின் கொடையே. குளிர்ப்பெட்டியில் பல நாள் இருந்த பாலில் சிலவகைக் கிருமிகள் பழத்தின் வாசனையைக்கூட உண்டாக்கும்! இனிமையாக மணக்கிறதே என்று அதனைப் பருகலாகாது.

இத்துறை நம் பெங்களூருக்குப் புதிதன்று. பால் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையம் 1923-ஆம் ஆண்டிலேயே இங்குத் தொடங்கப்பெற்றது. 1927-இல் காந்தியடிகள் இங்கு வந்து கால்நடை வளர்ப்பு முறைகளைப் பயின்றார். 1955-இல் தலைமை நிலையம் கர்னாலுக்கு மாறியபோதிலும், ஆடுகோடியில் அதன் தென்மண்டல நிலையம் இன்றும் இருந்து வருகிறது.

பால் பண்ணைகளில் கேன் வந்து இறங்கியதும் நடைபெறும் முதற் சோதனை, மூடியைத் திறந்த கணமே முகர்தல்தான். மற்றொன்று மெத்திலீன் நீலச் சோதனை. பாலில் சிறிது நீலச் சாயம் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். கிருமிகள் பிராணவாயுவை உண்டு தீர்க்கத் தீர்க்க நீலம் மறையும். 5 மணி நேரத்திற்கு மேல் நின்றால் பால் மிக நன்று; அரை மணிக்குள் மறைந்தால் மிக மோசம்.

மனித மூக்கோ விரைவில் களைத்துவிடும்; சளி பிடித்தால் பயன்படாது. ஆகவே 1982-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் என்னும் இருவர் மூக்கைப் போன்றே செயற்படும் மின்கருவியை உருவாக்கிக் காட்டினர். அதிலுள்ள உணர்விகள் ஒவ்வொன்றும் ஆவிகளுக்குத் தக்கவாறு வெவ்வேறு அளவில் மாறுபடும். அம்மாறுதல்களின் கோலத்தை முன்பே பதிந்துள்ள கோலங்களோடு ஒப்பிட்டு, உணவின் நிலையைக் கருவி கூறும்.

ஆயினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. தீய கிருமிகள் யாவும் நாற்றத்தால் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் மடிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி உண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. அதற்கு வாசனையும் இல்லை. வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை விளைவிக்கும் அஃப்ளடாக்சினும் அத்தகையதே. 1974-இல் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இரயில்வேயில் பணிபுரியும் எனக்கு, இரவு வண்டியில் ஊருக்குப் புறப்படும் நம்மவர் கையில் கட்டுச்சோறு காண்பது அன்றாடக் காட்சி. புளிப்பு கிருமிகளுக்குப் பகையாதலால் புளியோதரை ஓரளவு தாங்கும். சாம்பார் சாதமும் வெறுஞ்சோறும் அவ்வாறு தாங்கா. சோற்றைச் சுடச்சுட மூடிக் கட்டாமல், அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற்றிக் கட்டுங்கள். சில மணி நேரத்திற்குள் உண்டு முடியுங்கள். மிஞ்சியதை மறுநாள் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டா. நிறம் மாறிய, சுருங்கிய கடலையைப் பொறுக்கி எறியுங்கள்.

மூக்கு 'வேண்டா' என்றால் அதன் சொல்லைத் தட்டாதீர்கள். அது 'உண்ணலாம்' என்றாலோ, கடிகாரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உண்ணுங்கள்.