வெள்ளத்திலும் சேற்றிலும் லொறி

கொழும்பு மாளிகாவத்தையில் சாமான் ஏற்றிய லொறி, வன்னியில் அதை இறக்கும்வரை இருவகை நீரைச் சந்திக்கக்கூடும். நகரில் கான் நிரம்பித் தேங்கும் நீர் ஒன்று. ஊரில் குளம் வான்பாய்ந்து வரும் நீர் மற்றொன்று. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கின. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி மாவட்டம் வெள்ளத்தில் அகப்பட்டது.

மீளக் குடியேறும் குடும்பத்தின் தட்டுமுட்டு, விதைநெல், பிள்ளைகள் யாவும் ஒரே லொறியில் போவதுண்டு. ஆகவே சாரதி மட்டுமன்றி, கூடப் போகிறவர்களும் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நன்று.

இறங்குமுன்

லொறியை நிறுத்தி நீரைப் பாருங்கள். பாயும் நீரானால் இறங்க வேண்டாம். விசையாகப் பாயும் அரையடி நீர் ஆளை விழுத்தும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். லொறி பாரமானது என்று நம்பக்கூடாது. நீர் ஏற ஏற அது லொறியைத் தூக்கும். சில்லின் பிடி குறையும். வீதியின் அடிமண்ணும் அரிபடும். வடியும்வரை காத்திருங்கள்.

தேங்கிய நீரானால், ஒருவர் தடியால் ஆழம் பார்த்து முன்னே நடக்கட்டும். மூடியில்லாத குழியும் உடைந்த மதகும் கலங்கல் நீரில் தெரியா. சில்லின் நடுப்பகுதிக்கு மேல் நீர் நின்றால் திரும்பிவிடுங்கள்.

நீருக்குள்

முதலாம் கியரில், மெதுவாக, ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். இடையில் கியர் மாற்றக்கூடாது. விரைந்தால் அலை எழுந்து, காற்றுக்குழாய் வழியே நீர் எஞ்சினுள் போகும். காற்றைப்போல நீர் அமுங்காது. பிஸ்டன் அதை அமுக்க முயலும்போது கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். எனவே நீருக்குள் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்ரார்ட் செய்யாதீர்கள். வெளியே இழுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உதிரிப்பாகங்கள் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஆனால் அந்தச் செலவு ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கக்கூடும்.

கரையேறியதும் மெல்ல ஓட்டியபடி பிறேக்கை இலேசாகப் பலமுறை மிதியுங்கள். ஈரம் காயும்வரை பிறேக் சரியாகப் பிடியாது. ஒயில் பால்நிறமாயிருந்தால் நீர் கலந்துவிட்டது, மாற்றாமல் ஓட்டக்கூடாது.

சேற்றில்

சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றால் உடனே நிறுத்துங்கள். சுழலச் சுழல லொறி தாழும். எல்லோரும் இறங்கி, பாரத்தைக் குறைத்து, சில்லின் முன்னுள்ள சேற்றை வெட்டிப் பலகை வையுங்கள். தள்ளும்போது சில்லுக்கு நேர் பின்னால் எவரும் நிற்கலாகாது, பலகை தெறிக்கும்.

மட்டையோ கொப்போ வெட்டவென்று வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். வடக்கில் கண்ணிவெடி இன்னும் அகற்றப்படாத இடங்கள் உள்ளன. வெள்ளம் வெடிகளை இடம் நகர்த்தவும் கூடும். ஆகவே இரண்டு பலகை, மண்வெட்டி, நீண்ட தடி, வடக்கயிறு ஆகியவற்றை மாளிகாவத்தையிலேயே ஏற்றிவிடுங்கள். அவற்றைக் கடைசியாக ஏற்றினால், வேண்டியபோது முதலில் எடுக்கலாம்.